தூக்கத்தில் மூச்சுத்தடை: காற்றுக் கருவி, தாடைக் கருவி, எடைக் குறைப்பு – இதயத்துக்கும் சர்க்கரைக்கும் எது எவ்வளவு உதவும்?

தூக்க ஆய்வுப் பதிவு ஒன்றைக் கணினித் திரையில் ஒருமுறை நிதானமாகப் பார்த்தவர்கள், அதன்பின் குறட்டையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மூக்கு வழியே போய்வரும் காற்றைக் காட்டும் கோடு அலையலையாக வந்துகொண்டிருந்து, திடீரென்று தட்டையாகிவிடுகிறது. அதற்குக் கீழே மார்பின் அசைவையும் வயிற்றின் அசைவையும் காட்டும் இரண்டு கோடுகள் மட்டும் ஓய்வதில்லை. தாழிட்ட கதவை உள்ளிருந்து தள்ளுவதுபோல, ஒன்று ஏற மற்றொன்று இறங்க, வீணாக முயன்றுகொண்டே இருக்கின்றன. பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் நாற்பது நொடியும் இப்படியே கழிகிறது. ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் கோடு சற்றுத் தாமதமாகச் சரியத் தொடங்கி 95இலிருந்து 84க்கு வருகிறது. பிறகு மூளை அலைகளில் ஒரு துள்ளல், ஒரு பெரிய மூச்சு, அதோடு நாடித்துடிப்பும் ஒரே தாவலில் மேலே போகிறது. படுத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் நினைவிருப்பதில்லை. அடுத்த அடைப்பு ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது.

ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் தூக்க மூச்சுத்தடை தமக்கு இருப்பதாக அறிந்துகொண்ட ஒருவர், அடுத்து எந்தச் சிகிச்சையை ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும். பகல் தூக்கமும் குறட்டையும் மட்டுமே தொல்லை என்றால் அந்த முடிவு ஓரளவு எளிது. ஆனால் உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ உடனிருக்கும்போது, "எந்தக் கருவி நல்லது" என்ற கேள்வி போதாது. எந்தச் சிகிச்சை எந்தத் தீங்கைத் தொடுகிறது, எதைத் தொடுவதில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இந்தக் கட்டுரையின் ஒப்பீடு அந்த நோக்கில் அமைந்தது.

முதலில் அளவுகோலைச் சொல்லிவிடலாம். மூச்சு முழுதாகவோ அரைகுறையாகவோ பத்து நொடிக்குக் குறையாமல் தடைபடும் நிகழ்வுகள் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்பதே ஏஎச்ஐ என்ற எண். அது 5 முதல் 15க்குள் இருந்தால் லேசானது, 15 முதல் 30க்குள் நடுத்தரமானது, 30ஐத் தொட்டுவிட்டால் கடுமையானது. 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் உலகெங்கும் சுமார் 93.6 கோடிப் பேருக்கு இந்தத் தடை ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்றும், அவர்களில் 42.5 கோடிப் பேருக்கு அது நடுத்தரமானதாகவோ கடுமையானதாகவோ இருக்கிறது என்றும் 2019இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. பெரும்பாலோர் பரிசோதனையே செய்துகொள்ளாதவர்கள். பெண்களில் குறட்டையைவிடக் களைப்பும் தூக்கமின்மையுமே முன்னே நிற்பதால், அவர்களுடைய நோய் இன்னும் எளிதில் தப்பிவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

தொண்டை அடைத்தால் இதயம் ஏன் கெடுகிறது?

மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் கடுமையாகக் கீழிறங்குகிறது. இதயத்தின் சுவர்கள் அந்த இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் இறங்கி ஏறும் ஒவ்வொரு சுற்றிலும் ரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்பட்டு அழற்சி கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அபாயக் காலத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் இரவு முழுவதும் விழித்தே இருக்கிறது. ஆரோக்கியமானவருக்கு இரவில் ரத்த அழுத்தம் பகலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்க வேண்டும். இவர்களில் பலருக்கு அது இறங்குவதில்லை, சிலருக்கு ஏறவும் செய்கிறது. அந்த முடுக்கம் காலையில் படுக்கையோடு முடிந்துவிடுவதில்லை, பகலிலும் தொடர்கிறது. மூன்று வகை மாத்திரைகள் விழுங்கியும் அழுத்தம் அடங்காதவர்களிடம் இந்நோயைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதைப் பலரும் வயதின் குற்றமாகவோ சர்க்கரையின் குற்றமாகவோ எண்ணிக்கொள்கிறார்கள். இந்த அடைப்புகளின்போது இழுபடும் இதய மேலறைகள் சுரக்கும் ஹார்மோனும் சிறுநீரைப் பெருக்கும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 709 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியான ஆய்வில், தொடக்கத்தில் ஏஎச்ஐ 15 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பின்னர் உயர் ரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு விகிதம், தடையே இல்லாதவர்களோடு ஒப்பிட 2.9 மடங்கு ஆக இருந்தது. 2005இல் வெளியான வேறோர் ஆய்வு, திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரின் முந்தைய தூக்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 விழுக்காட்டினர் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே இறந்திருந்தார்கள். தடை இல்லாதவர்களில் அந்த நேரத்தில் இறந்தவர்கள் 21 விழுக்காடு. இதயத்துக்கு ஓய்வு கிடைக்க வேண்டிய நேரமே இவர்களுக்கு ஆபத்தான நேரமாக மாறியிருந்தது.

சர்க்கரையின் கதையும் இதே வழியில்தான் போகிறது. பரிவு நரம்பின் முடுக்கமும், கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களும், துண்டு துண்டாகும் தூக்கமும் சேர்ந்து இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. உடல் பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் சேர்ந்தவர்களை ஓர் ஆய்வுக்காகச் சோதித்தபோது 86 விழுக்காட்டினருக்கு மூச்சுத்தடை இருந்தது. ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பருமனே மூச்சுத்தடைக்கும் காரணம், சர்க்கரைக்கும் காரணம், ரத்த அழுத்தத்துக்கும் காரணம். மூன்றும் ஒரே வேரிலிருந்து எழும்போது, அவற்றில் ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றவை தாமாக அடங்கிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சிகிச்சை ஆய்வுகள் தந்த ஏமாற்றங்கள் பலவற்றுக்கும் இந்த முடிச்சு ஒரு பங்கு காரணம் என்பது என் கருத்து.

சிபாப்: தொண்டையை உடனே திறப்பது

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி இன்றும் முதல் சிகிச்சையாகவே இருக்கிறது. மூக்கில் அணியும் மாஸ்க் வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாதபடி அது தாங்கிப் பிடிக்கிறது. பொருத்தமான அழுத்தம் அமைந்துவிட்டால் முதல் இரவிலேயே ஏஎச்ஐ பெரும்பாலோருக்கு ஐந்துக்குக் கீழே போய்விடும். இவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் தடையை நீக்கும் வேறு சிகிச்சை பெரும்பாலோருக்குக் கிடையாது. பகல் தூக்கம் கலைவதும் வண்டி ஓட்டும்போது கண் அயர்வது நிற்பதும் உறுதியாக நிரூபிக்கப்பட்ட பலன்கள்.

இதயத்தைப் பொறுத்தவரை பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. ரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 அலகு (மில்லிமீட்டர் பாதரசம்) குறைகிறது. மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ள 194 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 12 வாரங்களில் 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 3.1 அலகு கூடுதலாகக் குறைந்தது. சிறிய எண்தான், ஆனால் இரவில் அழுத்தம் இறங்கும் இயல்பு பலருக்கு அதில் திரும்பியது என்பதால் அதைச் சிறுமையாக நினைக்க நான் தயாரில்லை. அதேசமயம், ஒரு மாத்திரையின் இடத்தை சிபாப் பிடித்துவிடும் என்று நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

மாரடைப்பும் பக்கவாதமும் குறைகின்றனவா என்பதே பெரிய கேள்வி. இதயக்குழாய் நோயோ மூளைக்குழாய் நோயோ ஏற்கெனவே இருந்த 2,717 பேரைச் சராசரியாக 3.7 ஆண்டுகள் தொடர்ந்த சேவ் ஆய்வு 2016இல் வெளியானது. சிபாப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினருக்கும், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் இதய, மூளைக்குழாய் நிகழ்வுகள் நேர்ந்தன. புள்ளியியல் நோக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இந்த முடிவைக் கேட்டுச் சோர்ந்துபோனவர்கள் கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று உண்டு: அவர்கள் கருவியை அணிந்திருந்த நேரம் ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி. தவிரவும், பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிபவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

கருவியின் செயலியில் தெரியும் மாதாந்திர வரைபடத்தைப் பார்த்தால் அந்த 3.3 மணி என்னவென்று புரியும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிமிர்ந்த பட்டை. இரவு பதினொன்றுக்குத் தொடங்கும் பட்டை இரண்டு இரண்டரை மணியோடு வெட்டுப்பட்டு நிற்கிறது. மாஸ்க்கைக் கழற்றிவைத்ததே பலருக்கு நினைவிருப்பதில்லை. அதற்குப் பிறகு விடியும்வரை தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டே இருக்கிறது. கனவு நிலைத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் மிகுதியாக வருகிறது. அந்நிலையில் தசைகள் முற்றிலும் தளர்வதால் தடைகள் நீளமாகின்றன, ஆக்சிஜனும் ஆழமாக இறங்குகிறது. இரவின் இறுதிப் பகுதியில் நேரும் இத்தடைகள் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடும் நெருங்கிய தொடர்புடையவை. ஆக, நான்கு மணி நேரம் அணிந்தவர் பாதி சிகிச்சை பெற்றதாக நினைக்கலாம். உண்மையில் மோசமான பாதியை விட்டுவிட்டார்.

2023இல் மூன்று பெரிய ஆய்வுகளின் 4,186 பேரை ஒருங்கே எடுத்துப் பகுத்தபோது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் இல்லை. ஆனால் ஓர் இரவுக்கு 4 மணிக்குக் குறையாமல் அணிந்தவர்களுக்கு இதய நிகழ்வுகளின் அபாயம் சுமார் 31 விழுக்காடு குறைவாக இருந்தது. இதையும் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். கருவியை ஒழுங்காக அணிபவர் மாத்திரையையும் ஒழுங்காக விழுங்குபவராக, நடைப்பயிற்சியையும் விடாதவராக இருக்கக்கூடும். அப்படியானால் அந்தப் பலன் முழுதும் கருவியினுடையது அல்ல.

வளர்சிதை மாற்றத்தில் சிபாப்பின் எல்லை இன்னும் குறுகியது. பருமனும் மூச்சுத்தடையும் சேர்ந்திருந்த 181 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 24 வாரங்கள் சிகிச்சை தந்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. சிபாப் மட்டும் பெற்றவர்களுக்கு அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, இன்சுலின் எதிர்ப்பும் அசையவில்லை. எடை குறைத்தவர்களுக்கும், எடைக் குறைப்போடு சிபாப்பும் பெற்றவர்களுக்கும் குறைந்தன. மூன்று மாதச் சராசரி சர்க்கரையை சிபாப் குறைக்கிறதா என்று தேடிய ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. கருவி அணியத் தொடங்கியபின் எடை சற்றுக் கூடுவதும் உண்டு. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய உடல் அந்தப் போராட்டத்தை விட்டுவிடுவதால், அதற்கு அதுவரை செலவான சக்தி மிச்சமாகிறது என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

தாடைக் கருவி: குறைவாகத் திறந்தாலும் நீடித்து நிற்பது

மேற்பற்களிலும் கீழ்ப்பற்களிலும் உறைபோல மாட்டி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தி வைக்கும் கருவி இது. தாடை முன்னே வரும்போது நாக்கின் அடிப்பகுதியும் சேர்ந்து வருவதால் அதன் பின்னால் காற்று செல்ல வழி உண்டாகிறது. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை, பயணத்தில் சட்டைப்பைக்குள் அடங்கும். தடையை நீக்கும் திறனில் சிபாப்புக்கு நிகராகாது; ஏஎச்ஐ குறையும், ஆனால் பலருக்கு ஐந்துக்குக் கீழே போகாது.

அப்படியிருந்தும் ரத்த அழுத்தத்தில் தாடைக் கருவி சிபாப்புக்குப் பின்தங்காதது ஏன்? சிங்கப்பூரில் உயர் ரத்த அழுத்தமும் இதய அபாயமும் உள்ளவர்களிடம் நடந்து 2024இல் வெளியான கிரசென்ட் ஆய்வில், ஆறு மாத முடிவில் தாடைக் கருவி அணிந்தவர்களின் 24 மணி நேரச் சராசரி அழுத்தம் 2.5 அலகு குறைந்தது. சிபாப் குழுவில் மாற்றம் இல்லை. ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்கள் தாடைக் கருவிக் குழுவில் 56.5 விழுக்காடு, சிபாப் குழுவில் 23.2 விழுக்காடு. விடை அந்த இரண்டு எண்களுக்குள்தான் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஏஎச்ஐ 30 உள்ள ஒருவர் எட்டு மணி நேரம் தூங்குவதாக வைத்துக்கொள்வோம். சிபாப் அதை 3ஆகக் குறைக்கிறது, ஆனால் நான்கு மணி நேரமே அணிகிறார். நான்கு மணிக்கு 12 தடைகள், மிச்ச நான்கு மணிக்கு 120; மொத்தம் 132, மணிக்கு 16.5. தாடைக் கருவி ஏஎச்ஐயை 12ஆக மட்டுமே குறைக்கிறது, ஆனால் ஏழு மணி நேரம் வாயில் இருக்கிறது. ஏழு மணிக்கு 84, கடைசி ஒரு மணிக்கு 30; மொத்தம் 114, மணிக்கு 14.25. திறன் குறைந்த கருவி முன்னே வந்துவிடுகிறது. அதே மனிதர் சிபாப்பை ஏழு மணி நேரம் அணிந்தால் மொத்தம் 51 தடைகள், மணிக்கு ஆறரைக்கும் குறைவு. அப்போது போட்டியே இல்லை. ஆகவே தெரிவு செய்பவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, எந்தக் கருவியோடு விடியும்வரை தூங்க முடியும் என்பதே.

தாடைக் கருவி எல்லோருக்கும் ஒத்துவராது. போதிய பற்கள் உறுதியாக இருக்க வேண்டும். தாடை மூட்டில் வலி உள்ளவர்களுக்குச் சிக்கல். ஆண்டுக்கணக்கில் அணியும்போது பற்கள் மெல்ல இடம் மாறிக் கடிப்பு மாறுவதும் உண்டு. தூக்க மருத்துவத்தில் பழகிய பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து, படிப்படியாகத் தாடையை முன்னகர்த்தி, இறுதியில் கருவியோடு மீண்டும் ஒரு தூக்க ஆய்வு செய்தால்தான் அது வேலை செய்கிறதா என்று தெரியும். குறட்டைச் சத்தம் அடங்கியதை மட்டும் வைத்துத் தடையும் அடங்கியதாக எண்ணிவிடக் கூடாது. கடைகளில் வாங்கி வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்திக்கொள்ளும் வகையை, இதய நோய் உள்ளவர்கள் நம்பியிருக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஏஎச்ஐ மிக அதிகமாகவும் ஆக்சிஜன் ஆழமாக இறங்குவதாகவும் இருந்தால், சிபாப்பை உண்மையாக முயன்று பார்க்காமல் தாடைக் கருவிக்குப் போவதும் சரியல்ல.

எடைக் குறைப்பு: மெதுவானது, ஆனால் வேரைத் தொடுவது

எடை 10 விழுக்காடு கூடினால் ஏஎச்ஐ சுமார் 32 விழுக்காடு கூடும், எடை 10 விழுக்காடு குறைந்தால் 26 விழுக்காடு குறையும் என்று விஸ்கான்சின் ஆய்வே கணித்துச் சொன்னது. நாக்கிலும் தொண்டையைச் சுற்றிலும் படிந்த கொழுப்பு கரைவதும், வயிற்றுக் கொழுப்பு குறைந்து நுரையீரல் நன்றாக விரிவதும் இதற்குக் காரணங்கள். தொண்டையைத் திறப்பதோடு நிற்காமல் இன்சுலின் எதிர்ப்பு, டிரைகிளிசரைடு, அழற்சி, ரத்த அழுத்தம் ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறைப்பதுதான் எடைக் குறைப்பின் தனிச்சிறப்பு. வளர்சிதை மாற்றக் கோளாறே முதன்மையான கவலை என்றால், இது இல்லாத எந்தத் திட்டமும் குறைப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் மூச்சுத்தடையும் உள்ள 264 பேரிடம் நடந்த ஆய்வில், தீவிர வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்றவர்கள் ஓராண்டில் சராசரியாக 10.8 கிலோ குறைத்தார்கள். மற்ற குழுவோடு ஒப்பிட ஏஎச்ஐயில் ஏற்பட்ட வேறுபாடு மணிக்குப் பத்துத் தடைகளை ஒட்டி இருந்தது. நான்காம் ஆண்டுக்குள் குறைந்த எடையில் ஏறக்குறைய பாதி திரும்பிவிட்டது. ஆனாலும் தூக்கத்தில் கிடைத்த பலன் பெரும்பாலும் நிலைத்திருந்தது. எடை திரும்பியதும் எல்லாம் வீண் என்று மனம் தளர்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மருந்துகள் இப்போது இந்தக் கணக்கையே மாற்றியிருக்கின்றன. வாரம் ஒரு முறை ஊசியாகப் போடும் டிர்செபடைட் மருந்தைப் பருமனும் நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ள 469 பேரிடம் சோதித்த இரண்டு ஆய்வுகள் 2024இல் வெளியாயின. தொடக்கத்தில் அவர்களுடைய ஏஎச்ஐ சராசரியாக 50ஐ ஒட்டி இருந்தது. 52 வாரங்களில் சிபாப் அணியாதவர்களுக்கு அது 25.3 குறைந்தது, போலி மருந்து பெற்றவர்களுக்கு 5.3, சிபாப் அணிபவர்களிடம் நடந்த ஆய்வில் இந்த எண்கள் 29.3, 5.5. எடை 18 முதல் 20 விழுக்காடு வரை குறைந்தது. முதல் ஆய்வில் மேல் ரத்த அழுத்தம் 9.5 அலகு இறங்கியது. போலி மருந்தில் 1.8. சிபாப் தனியாகத் தரும் இரண்டு மூன்று அலகுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான மூச்சுத்தடைக்கு இம்மருந்தை ஏற்றது. இந்த நோய்க்கென்றே ஏற்கப்பட்ட முதல் மருந்து இதுவே.

குறைகளும் உண்டு. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கு வருகின்றன. குறிப்பிட்ட ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைப் போடக்கூடாது. நிறுத்தினால் எடை திரும்பும். எல்லாவற்றிலும் முக்கியமாக, எடை இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஒவ்வோர் இரவும் தொண்டை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆக்சிஜன் ஆழமாக இறங்குபவரோ, வண்டி ஓட்டிப் பிழைப்பவரோ அந்த மாதங்களைச் சும்மா கடத்த முடியாது. தாடை அமைப்பினால் மூச்சுத்தடை வரும் ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்த வழியே பொருந்தாது.

எடை குறைந்தால் நோய் போய்விடும் என்பதும் எல்லோருக்கும் உண்மையல்ல. பருமனுக்கான அறுவைச் சிகிச்சையையும் வழக்கமான எடைக் குறைப்பையும் 60 பேரிடம் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், அறுவைச் சிகிச்சைக் குழு சராசரியாக 27.8 கிலோவும் மற்ற குழு 5.1 கிலோவும் குறைத்தன. ஏஎச்ஐ ஒன்றில் 25.5உம் மற்றொன்றில் 14உம் குறைந்தது. அந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஐந்து மடங்கு எடை குறைந்தவர்களுக்குத் தூக்கத்தில் ஐந்து மடங்கு பலன் கிடைக்கவில்லை.

மற்ற வழிகள்

நாக்கை முன்னே தள்ளும் நரம்பை மூச்சோடு ஒத்திசைத்துத் தூண்டும் கருவியை மார்பில் தோலுக்கடியில் பதிக்கும் முறை, சிபாப் ஒத்துக்கொள்ளாத 126 பேரிடம் சோதிக்கப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், ஏஎச்ஐயின் நடுமதிப்பு ஓராண்டில் 29.3இலிருந்து 9க்கு இறங்கியது. மிகுந்த பருமன் உள்ளவர்களுக்கு இது உகந்ததல்ல. உள்நாக்குப் பகுதியை வெட்டிச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சையின் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மல்லாந்து படுக்கும்போது மட்டுமே தடை மிகுபவர்களுக்கு, பக்கவாட்டில் படுக்கப் பழக்கும் கருவிகள் நல்ல துணையாகும். மதுவும் தூக்க மாத்திரைகள் சிலவும் தடையைக் கூட்டும் என்பதால், எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் அவற்றை விடுவது அதன் ஒரு பகுதி.

இரவில் ஆக்சிஜன் மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 318 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதற்கு விடை சொன்னது: சிபாப் ரத்த அழுத்தத்தைக் குறைத்தது, ஆக்சிஜன் குறைக்கவில்லை. மூடிய தொண்டைக்கு எதிரான போராட்டத்தையும் நடுவில் விழித்தெழுவதையும் ஆக்சிஜன் நிறுத்துவதில்லை.

முடிவெடுக்கும் இடத்தில்

தேர்வுக்கு முன் தூக்க ஆய்வு அறிக்கையில் ஏஎச்ஐயைத் தாண்டிச் சிலவற்றைப் படிக்க வேண்டும். ஆக்சிஜன் 90க்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடங்கள் இருந்தது, மிகக் குறைந்த அளவு என்ன, மல்லாந்து படுத்தபோது எவ்வளவு, தடைகள் தொண்டையில் நேர்ந்தவையா அல்லது மூச்சுவிட மூளை கட்டளையிடாததால் நேர்ந்தவையா என்பவை அவை. கடைசிக் கேள்வி இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மூளைவழித் தடை உள்ள, இதயத்தின் பம்பு செய்யும் திறன் 45 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்த 1,325 பேரிடம், தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஒருவகைக் காற்றுக் கருவியைச் சோதித்த சர்வ்-எச்எஃப் ஆய்வு 2015இல் வெளியானபோது, கருவி அணிந்தவர்களில் இதய மரணங்கள் அதிகமாக இருந்தன. காற்றுக் கருவிகள் எல்லாம் ஒன்றே என்று எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள், சிபாப் அணிந்தால் அது திரும்ப வராது என்று கேள்விப்பட்டிருக்கலாம். துடிப்பைச் சீராக்கும் மின் அதிர்வுச் சிகிச்சைக்குப் பின் ஓராண்டில் நோய் திரும்பியது மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவர்களில் 82 விழுக்காடு, பெற்றவர்களில் 42 விழுக்காடு என்று 2003இல் வந்த ஓர் அவதானிப்பு அந்த நம்பிக்கையை விதைத்தது. பின்னர் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. பகல் தூக்கத்துக்காகவும் ரத்த அழுத்தத்துக்காகவும் அணியலாம்; துடிப்புக்கான மருத்துவத்தை அதன் பெயரில் தள்ளிப்போடக் கூடாது.

என் தீர்ப்பு இப்படி அமைகிறது. ஏஎச்ஐ 30ஐத் தாண்டியிருந்து, பகலில் கண் அயர்ந்து, ஆக்சிஜனும் ஆழமாக இறங்கினால், சிபாப்பை உடனே தொடங்குவதற்கு ஈடான வழி இல்லை. மாஸ்க் உறுத்துகிறது, மூக்கு வறள்கிறது என்றால் இன்னொரு மாஸ்க், ஈரப்பதமூட்டி, அழுத்தத்தைத் திருத்துதல் ஆகியவற்றை முதல் சில வாரங்களிலேயே செய்துகொள்ள வேண்டும். அந்த வாரங்களில் படியும் பழக்கமே பெரும்பாலும் நிலைக்கிறது. லேசான அல்லது நடுத்தரத் தடையோடு ரத்த அழுத்தமே முதன்மைக் கவலையாக உள்ளவருக்கு, தாடைக் கருவியை இரண்டாம் தரமாகக் கருதத் தேவையில்லை. பருமனும் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு, எடைக் குறைப்பா காற்றுக் கருவியா என்று ஒன்றை எதிர்த்து இன்னொன்றை நிறுத்தும் கேள்வியே தவறானது. கருவி இன்றைய இரவுக்கு. எடைக் குறைப்பு அடுத்த ஆண்டுகளுக்கு. முன்னே சொன்ன 181 பேர் ஆய்விலும், இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்கே மேல் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கியது.

எடை கணிசமாகக் குறைந்தபின் கருவியைத் தாமாகவே ஓரங்கட்டிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. குறட்டை நின்றுவிட்டது, காலையில் தலை தெளிவாக இருக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். டிர்செபடைட் ஆய்வுகளில் ஏஎச்ஐ ஐந்துக்குக் கீழே வந்தவர்களையும், லேசான அளவுக்கு இறங்கிப் பகல் தூக்கமும் இல்லாமல் இருந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சிபாப் அணியாதவர்களில் 42 விழுக்காடும் அணிபவர்களில் 50 விழுக்காடும் அந்த நிலையை எட்டினார்கள். மற்றவர்களுக்குத் தடை மிச்சமிருந்தது. தாம் எந்தப் பாதியில் இருக்கிறோம் என்பதை அறிய, கருவி இல்லாமல் செய்துகொள்ளும் இன்னொரு தூக்க ஆய்வைத் தவிர வேறு வழியில்லை. அதன் முடிவு வரும்வரை மாஸ்க் படுக்கையருகிலேயே இருக்கட்டும்.